குழந்தைக்கு ஐரிஷ் வழிப் பெயர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அப்பா வழியிலோ அம்மா வழியிலோ அயர்லாந்து வேர் உள்ள குழந்தை பிறக்கப்போகிறது. அந்த வேர் பெயரில் தெரியவேண்டும் என்று வீட்டில் ஆசை. ஐரிஷ் குடும்பத்தில் சம்பந்தம் செய்த தமிழ் வீட்டாரும் சரி, நாலைந்து தலைமுறைக்கு முன் கப்பலேறியவர்களின் வாரிசுகளும் சரி, கேட்கிற கேள்விகள் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

பெயர்ப் பட்டியல் ஒன்றைப் பார்த்துப் பிடித்ததை எடுத்துக்கொண்டால் போதாதா?

ஐரிஷ் வாசனை மட்டும் வேண்டுமென்றால் போதும். குடும்பத்தின் பெயராக இருக்கவேண்டுமென்றால் பட்டியலைக் கடைசியில் திறங்கள். இணையத்தில் சுற்றும் பட்டியல்களில் ஈஃபா, ஸீர்ஷா, நீவ், உஷீன், ஃபின் என்று அதே இருபது பெயர்கள்தான் திரும்பத் திரும்ப வரும். உங்கள் ஆட்கள் கெர்ரியிலிருந்து போனார்களா, டொனிகாலிலிருந்து போனார்களா என்பது அந்தப் பட்டியலுக்குத் தெரியாது. முதலில் வீட்டுப் பெரியவர்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதுங்கள், நான்கு தலைமுறைக்கு. தேடுகிற பெயர் பெரும்பாலும் அந்தத் தாளில்தான் இருக்கும், ஆனால் வேஷம் போட்டுக்கொண்டு. அந்த வேஷத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பெரியவர்களின் பெயர்களை எங்கே தேடுவது?

உயிரோடு இருக்கும் மூத்த அத்தையிடம் முதலில். ஆவணம் எங்கும் போகாது, அத்தை அப்படியல்ல.

அப்புறம் அரசாங்கத் தாள்கள். அயர்லாந்தில் எல்லா மதத்தாரின் பிறப்பு, திருமணம், இறப்பு 1864 முதல் பதிவாகின்றன. அந்தப் பழைய பதிவேடுகளை அந்நாட்டு அரசின் இணையதளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். 1901, 1911 ஆண்டுகளின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவங்களைத் தேசிய ஆவணக் காப்பகமும், கத்தோலிக்கப் பங்குத் தேவாலயங்களின் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளைத் தேசிய நூலகமும் படமெடுத்துப் போட்டிருக்கின்றன. அதற்கு முந்தைய கணக்கெடுப்புகளைத் தேடி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். 1821 முதல் 1851 வரையிலானவற்றில் பெரும்பகுதி, 1922 ஜூனில் உள்நாட்டுப் போர் தொடங்கியபோது டப்ளினில் பொது ஆவண அலுவலகத்தோடு சேர்ந்து எரிந்துபோனது. 1861 முதல் 1891 வரையிலானவற்றை அரசாங்கமே அழித்துவிட்டது.

1911 படிவத்தில் ஒரு கட்டத்தைக் கட்டாயம் பாருங்கள். பெயர், வயது, தொழில், பிறந்த மாவட்டம் எல்லாம் தாண்டி வலது பக்கத்தில் 'ஐரிஷ் மொழி' என்று ஒரு பத்தி இருக்கும். கொள்ளுத்தாத்தா பெயருக்கு நேரே 'ஐரிஷும் ஆங்கிலமும்' என்று எழுதியிருந்தால், படிவத்தில் உள்ள ஆங்கிலப் பெயர் அவருடைய வீட்டுப் பெயராக இருந்திருக்க வாய்ப்பு குறைவு. பிள்ளைகளுக்கு நேரே அந்தக் கட்டம் காலியாக இருந்தால், ஒரு வீட்டுக்குள்ளேயே மொழி நின்றுபோன இடம் அதுதான். இன்னொன்று, வயதை நம்பாதீர்கள். 1901-ல் 52 வயது என்று சொன்னவர் 1911-ல் 68 என்பார். நடுவில் 1909-ல் முதியோர் ஓய்வூதியம் வந்திருந்தது.

ஆவணத்தில் எல்லாமே ஜெரமையா, திமொத்தி, அபிகேல் என்று பைபிள் பெயராக இருக்கிறதே. ஐரிஷ் பெயர் எங்கே?

நான் சொன்ன வேஷம் இதுதான். 1465-ல் ஒரு சட்டம், டப்ளினைச் சுற்றியுள்ள நான்கு மாவட்டங்களில் வாழ்ந்த ஐரிஷ்காரர்கள் ஆங்கிலேயர் போல உடுத்தி, ஆங்கிலக் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்றது. ஊர்ப் பெயரோ, நிறமோ, தொழிலோ எதுவாகவும் இருக்கலாம். கொல்லரின் மகன் என்று பொருள்படும் மக்கவன் எத்தனையோ வீடுகளில் ஸ்மித் ஆனது. ஆனால் முதற்பெயர்கள் மாறியதற்குச் சட்டம் மட்டும் காரணமல்ல. பாதிரியார் லத்தீனில் எழுதினார், குமாஸ்தா ஆங்கிலத்தில் எழுதினார், வீட்டில் ஐரிஷில் கூப்பிட்டார்கள். ஒரே ஆளுக்கு மூன்று பெயர்.

அந்த மாற்றத்தில் ஒரு வழக்கம் இருந்தது. மொழிபெயர்ப்பு அல்ல, காதுக்குக் கொஞ்சம் ஒத்துப்போகிற ஒரு மரியாதையான பெயரைக் கொண்டுவந்து ஒட்டுவது. டைக் என்றால் கவிஞர், அவர் திமொத்தி ஆனார். டியர்மட் ஜெரமையா ஆனார். கோனர் கார்னீலியஸ், டொனகா டெனிஸ், கஹல் சார்லஸ். பெண்களில் கிரான்யா கிரேஸ் ஆனாள், ஸொரகா சாரா ஆனாள். 1593-ல் கிரீனிச்சுக்குக் கப்பலில் போய் முதலாம் எலிசபெத்தை நேருக்கு நேர் சந்தித்த மேயோ கடலோரத் தலைவி, ஆங்கிலப் புத்தகங்களில் கிரேஸ் ஓமாலி. அவள் ஊரில் அவள் கிரான்யா.

எனக்கு மிகவும் பிடித்தது அபிகேல். கார்க் மாவட்டத்தின் மேற்குப் பக்கத்தில் உங்களுக்கு அபிகேல் என்றோ டெபோரா என்றோ ஒரு கொள்ளுப்பாட்டி இருந்தால், அவள் அநேகமாகக் கோப்னட். பாலிவூர்னி ஊரின் புனிதை, தேனீக்களின் காவல் தெய்வம், பிப்ரவரி 11 அவளுக்குத் திருநாள். டெபோரா என்ற எபிரேயச் சொல்லுக்கும் தேனீ என்றுதான் பொருள், யாரோ ஒரு படித்த பாதிரியார் யோசித்து வைத்திருக்கிறார். சரி, 2020-களில் பிறக்கும் குழந்தைக்குக் கோப்னட் என்று வைப்பதா? அது உங்கள் துணிச்சல். டெபோரா என்று வைத்துவிட்டுத் தேனீக் கதையைச் சொல்லி வளர்த்தாலும் அது குடும்பப் பெயர்தான்.

நாட்டின் வரலாற்றிலேயே இதைத் திருப்பிப் போட்டவர்கள் உண்டு. ஐரிஷ் மொழியை மீட்க 1893-ல் தொடங்கிய கேலிக் லீக் இயக்கத்தின் தாக்கத்தில் பலர் தம் பெயரை ஐரிஷுக்குத் திருப்பினார்கள். நியூயார்க்கில் எட்வர்ட் என்று ஞானஸ்நானம் பெற்று, பின்னாளில் அயர்லாந்தின் தலைவரான டி வலேரா, ஏமன் டி வலேரா ஆனது அப்படித்தான்.

தாத்தா, பாட்டி பெயரை வைக்கும் வழக்கம் அங்கே உண்டா?

உண்டு, அதுவும் வரிசைக்கிரமமாக. மூத்த மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர், இரண்டாமவனுக்கு அம்மாவின் அப்பா பெயர், மூன்றாமவனுக்கு அப்பாவின் பெயர். மூத்த மகளுக்கு அம்மாவின் அம்மா பெயர், அடுத்தவளுக்கு அப்பாவின் அம்மா பெயர், அதற்கடுத்தவளுக்கு அம்மாவின் பெயர். எல்லா வீட்டிலும் கறாராக நடந்ததில்லை. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் குடும்பத்தைத் தேடும்போது இந்த வரிசை ஒரு நல்ல துப்பு. மூத்தவன் பெயர் கார்னீலியஸ் என்றால், அப்பாவைப் பெற்ற தாத்தாவும் கார்னீலியஸாக இருக்கலாம் என்று அந்தப் பக்கம் தேடிப் பார்க்கலாம்.

பெயரன் என்ற சொல்தான் பேரன் ஆனது என்று தெரிந்த நமக்கு இதில் அதிசயம் ஒன்றுமில்லை. இன்னும் ஒன்று: ஓ பிரையன், ஓ கானர் என்பவற்றில் முன்னால் நிற்கும் 'ஓ' என்ற சொல்லுக்கே பேரன் என்றுதான் பொருள். பிறகு வழித்தோன்றல் என்று விரிந்தது. 'மக்' என்றால் மகன்.

எழுதுவது ஒன்று, படிப்பது ஒன்றாக இருக்கிறதே, ஏன்?

எழுத்தின் மேல் பழி போடாதீர்கள். ஆங்கில விதியை வைத்துக்கொண்டு ஐரிஷைப் படிப்பதுதான் சிக்கல். நாம் ஒரே 'க'வைக் கடல், பகல், தங்கம் என்று மூன்று விதமாகப் படிக்கிறோம், குழம்புவதில்லை.

பழைய ஐரிஷ் அச்சில் மெய்யெழுத்து இளகினால் அதன் தலையில் ஒரு புள்ளி வைப்பார்கள். நம் புள்ளி உயிரை எடுக்கும், அவர்கள் புள்ளி மெய்யை மென்மையாக்கும். ரோமன் அச்சுக்கும் தட்டச்சுக்கும் மாறியபோது புள்ளி போய், அந்த இடத்தில் ஹெச் என்ற எழுத்து வந்து உட்கார்ந்தது. ஆகவே 'பி'க்குப் (B) பின் ஹெச் வந்தால் 'வ', 'எம்'முக்குப் பின் ஹெச் வந்தாலும் பெரும்பாலும் 'வ'. என், ஐ, ஏ, எம், ஹெச் என்று எழுதி 'நீவ்' என்று படிப்பது இதனால்தான். எஸ்ஸுக்குப் பக்கத்தில் 'இ' அல்லது 'ஐ' வந்தால் அது 'ஷ'. இந்த மூன்று விதி தெரிந்தாலே ஷிவான், ரோஷீன், உஷீன் எல்லாம் அவிழ்ந்துவிடும்.

குழந்தை அயர்லாந்துக்கு வெளியே வளரப்போகிறது என்றால், வாழ்நாள் முழுக்க எழுத்துக்கூட்டிச் சொல்லவேண்டியிருக்கும் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். சிலர் அதற்காக ஆங்கிலக் காதுக்கு ஏற்ற மாதிரி எழுத்தை மாற்றி, கீவா, மேவ், நீவ் என்று ஒலிப்படியே எழுதுகிறார்கள். எனக்கு அதில் மனமில்லை. எழுத்தும் பாட்டன் சொத்துதான். எழுத்து கஷ்டம் என்று தோன்றினால் எளிய எழுத்துள்ள வேறு பெயரை எடுக்கலாம்: நோரா, ரோனான், ப்ரையன், ஃபின், டெக்லன் எல்லாம் எங்கும் தடுக்காது.

உயிரெழுத்தின் மேலுள்ள அந்தச் சாய்கோடு அவசியமா?

அவசியம். அதன் பெயர் ஃபாடா, நீளம் என்று பொருள். குறிலை நெடிலாக்கும் கோடு. நாம் 'படம்', 'பாடம்' இரண்டையும் ஒன்றாக எழுதினால் எப்படி இருக்கும்? ஷான் என்ற பெயரில் அந்தக் கோட்டை விட்டுவிட்டால், ஐரிஷ் தெரிந்தவர் அதை 'ஷன்' என்று படிப்பார், அர்த்தம் 'பழைய, கிழ'. ரீயன் என்ற பெயருக்குக் கோடு இருந்தால் குட்டி அரசன், கோடு போனால் வெறும் தடம்.

அயர்லாந்துக் கடவுச்சீட்டில் கோடு வரும். அமெரிக்கக் கடவுச்சீட்டில் வராது, கலிபோர்னியா பிறப்புச் சான்றிதழில் சாய்கோடுள்ள எழுத்துக்குப் பல ஆண்டுகள் இடமே இல்லாமல் இருந்தது. எந்த நாட்டில் பதிகிறீர்களோ அங்கே முன்கூட்டி விசாரித்துக்கொள்ளுங்கள்.

கலீன், ஷேனன், எரின் எல்லாம் ஐரிஷ் பெயர்கள்தானே?

ஐரிஷ் சொற்கள். கலீன் என்றால் 'பெண்பிள்ளை', ஷேனன் ஓர் ஆறு, எரின் என்பது நாட்டின் பெயர். இவற்றைக் குழந்தைக்கு வைக்க ஆரம்பித்தவர்கள் பெரும்பாலும் அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போனவர்களின் பிள்ளைகள். 1840-களின் பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேர் இறந்து, அதைவிட அதிகம் பேர் கப்பலேறினார்கள். விட்டுவந்த மண்ணையே மகளுக்குப் பெயராக வைத்தவர்களைப் பார்த்துச் சிரிக்க எனக்கு வாய் வராது. உங்கள் குடும்பம் பாஸ்டனில் நான்கு தலைமுறை இருந்த குடும்பம் என்றால் ஷேனன்தான் உங்கள் உண்மையான பாரம்பரியப் பெயராகவும் இருக்கலாம்.

மாறாக, அசல் ஐரிஷ் என்று நாம் நினைப்பவற்றில் பாதி வந்தேறிகள். 1169-ல் நார்மன்கள் வந்து இறங்கினார்கள். ஷான், ஷிவான், ஷினேட், நோரா, ஷீலா எல்லாம் அவர்கள் கொண்டுவந்த பெயர்கள் ஐரிஷ் வாயில் உருண்டு உருவானவை. லியம் என்பது வில்லியம். ஸீர்ஷா, அதாவது சுதந்திரம், பெயரானது இருபதாம் நூற்றாண்டில்தான். 2021-ல் அயர்லாந்தில் பெண் குழந்தைகளுக்கு அதிகம் வைக்கப்பட்ட பெயர் ஃபீயா, காட்டுத்தன்மை என்று பொருள், எந்தப் பாட்டிக்கும் அந்தப் பெயர் கிடையாது. 'அசல்' என்ற சொல்லை வைத்துச் சண்டை போடாதீர்கள்.

பாட்டி பெயர் பிரிஜிட். பழசாக இருக்கிறது, வைக்கலாமா?

தாராளமாக. அமெரிக்க வீடுகளில் ஐரிஷ் வேலைக்காரப் பெண்களை 'பிடி' என்று கேலியாகக் கூப்பிட்டதால், எத்தனையோ பிரிஜிட்கள் டீலியா என்றும் பெர்த்தா என்றும் தம்மை மாற்றிக்கொண்டார்கள். ஆவணத்தில் டீலியா கிடைத்தால் அதற்கடியில் பிரிஜிட்டைத் தேடுங்கள். இப்போது காற்று திரும்பிவிட்டது: 2023 முதல் புனித பிரிஜிட் நாளை ஒட்டி அயர்லாந்தில் அரசு விடுமுறை. ப்ரீட் என்ற ஐரிஷ் வடிவம் சிறியது, கம்பீரமானது.

முன்னோர் பெயர் எதுவும் கிடைக்கவில்லை, மாவட்டம் மட்டும் தெரியும் என்றால்?

ஊர்ச் சாமி பெயரை வைப்பதுபோல வைக்கலாம். ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு புனிதர் உண்டு. கார்க் என்றால் ஃபின்பார், வாட்டர்ஃபோர்டின் ஆர்ட்மோர் என்றால் டெக்லன், டொனிகால் என்றால் கொலம், விக்லோ மலையடிவாரம் என்றால் கெவின், லிமரிக் பக்கம் ஈடா, ட்யூம் என்றால் ஜார்லத், கொனமாராவில் மக்டாரா. ஒருவர் பெயர் மக்டாரா என்று கேட்டதும் அயர்லாந்துக்காரர் 'கொனமாராவா?' என்று கேட்பார். அவ்வளவு துல்லியம்.

எங்கள் ஆட்கள் வட அயர்லாந்துப் புராட்டஸ்டண்ட்கள். எங்களுக்கும் டைக், ஈஃபா பொருந்துமா?

1609-க்குப் பிறகு வடக்கு மாகாணமான அல்ஸ்டரில் குடியேற்றப்பட்ட ஸ்காட்லாந்து, ஆங்கிலேயக் குடும்பங்களின் பெயர்கள் சாமுவேல், ராபர்ட், வில்லியம், மார்த்தா. நானூறு ஆண்டு அங்கே வாழ்ந்தபின் அவையும் அந்த மண்ணின் பெயர்கள்தான். வடக்கில் பெயரைக் கேட்டே ஆள் எந்தப் பக்கம் என்று கணக்குப் போடும் பழக்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை. டைக் என்ற பெயரின் ஆங்கில வடிவம் அங்கே கத்தோலிக்கரைத் திட்டும் வசைச் சொல். வைக்கக்கூடாது என்பதில்லை, தெரிந்து வையுங்கள்.

பொருள் பார்த்து வைக்கலாமா?

பார்க்கலாம், ஆனால் சுவாரசியத்துக்கு. கீரான் என்பதைக் கேட்டதும் நம்மவர்கள் கிரண், ஒளிக்கதிர் என்று பூரித்துப்போவார்கள். உண்மையில் கருப்பு என்ற சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. அப்பட்டமாகச் சொன்னால் கருப்பன். ஆறாம் நூற்றாண்டில் க்ளோன்மக்னாய்ஸ் மடத்தை நிறுவிய புனிதர் பெயர் இது. நம் கருப்பசாமியைக் கும்பிடுகிற வீட்டில் மருமகன் ஐரிஷ்காரராக இருந்தால், இதைவிடப் பொருத்தம் கிடையாது. கனாக்ட் அரசியாகக் கதைகளில் வரும் மேவ் என்ற பெயருக்கு மயக்குகிறவள், போதையூட்டுகிறவள் என்று அர்த்தம். அந்த வேரும் 'மது' என்ற வடசொல்லின் வேரும் ஒன்றுதான். உஷீன் மான்குட்டி, ரோனான் நீர்நாய்போல் கடலில் திரியும் சீல் குட்டி, டாரா கருவாலி மரம், ஆஷ்லிங் கனவு.

தமிழ்ப் பாட்டி வாயில் நுழையுமா?

இதைச் சோதித்தே தீரவேண்டும். நீவ் என்ற பெயரை நம் வீட்டில் 'நீவு' என்பார்கள். தலையை நீவிவிடு என்பதில் வரும் நீவு. வெளிச்சம் என்று அவர்கள் பொருள் சொல்ல, வருடல் என்று நாம் கேட்கிறோம். இப்படி ஒரு பொருத்தம் தேடினாலும் கிடைக்காது. ஆனால் ஸைவ் என்று வைத்தால் 'குழந்தை சைவமா?' என்ற ஜோக்கு காலத்துக்கும் தொடரும். ஊனா அழகான பழைய பெயர், நம் காதில் ஊனம் என்று விழும். நீஷா ஐரிஷில் ஆண்பிள்ளைப் பெயர், இங்கே சொன்னால் பெண் குழந்தைக்குக் கொலுசு வந்து சேரும். ஓவன் வேண்டாம், சொல்லவே தேவையில்லை.

இரு பக்கமும் அலுங்காமல் பொருந்துபவை தாரா, ஷீலா. அயர்லாந்தின் பழைய அரசர்கள் முடிசூடியதாகச் சொல்லப்படும் மீத் மாவட்டத்துக் குன்று தாரா, இங்கே நட்சத்திரம். இன்னொரு யோசனையும் உண்டு, பலருக்குத் தோன்றாதது: நிவேதிதா. டைரோன் மாவட்டம் டங்கானனில் 1867-ல் பிறந்த மார்கரெட் நோபிளுக்கு விவேகானந்தர் 1898-ல் வைத்த பெயர். பாரதி குருவாக ஏற்றவர். பெயர் நம்முடையது, அதைச் சுமந்தவர் அவர்களுடையவர்.

இனிஷியல், குடும்பப் பெயர் விஷயம்?

ஐரிஷ் மொழியில் குடும்பப் பெயரும் ஆண்பால் பெண்பால் பார்க்கும். அண்ணன் 'ஓ ஸூலவான்' என்றால் தங்கை 'நீ ஹூலவான்'. 'மக்' என்பது மகளுக்கு 'நிக்' ஆகும். ஆங்கில வடிவத்தில் பதிந்தால் இந்தச் சிக்கல் இல்லை. ஐரிஷ் பேசும் மேற்குக் கடலோரக் கிராமங்களில் இதையெல்லாம் விட்டுவிட்டு, ஷான், மைக்கேலின் மகன், பாட்ரிக்கின் பேரன் என்று அப்பா, தாத்தா பெயரைக் கோத்தே ஆளைச் சொல்வார்கள். இரண்டு இனிஷியல் வைத்துப் பழகிய நமக்கு அது விளக்கம் தேவைப்படாத ஏற்பாடு. ஒரு பக்கப் பெயரை முன்னாலும் மறுபக்கப் பெயரை நடுவிலும் வைத்து இரு பாட்டிகளையும் சமாதானப்படுத்துவது அங்கேயும் நடப்பதுதான்.

உச்சரிப்பை யாரிடம் உறுதி செய்வது?

செயலியிடம் வேண்டாம், அந்த வட்டாரத்து ஆளிடம். க்வீவா என்ற பெயரை வடக்கே அல்ஸ்டர் பக்கம் 'கீவா' என்பார்கள், தெற்கே 'க்வீவா' என்பார்கள். இரண்டும் சரி. குடும்பம் டொனிகால் என்றால் கீவா, கார்க் என்றால் க்வீவா. எங்கே போய்க் கேட்பது என்றால், மறுபடியும் அந்த மூத்த அத்தைதான்.